வரவு ஒன்று, பில் இரண்டு: புறக்கோட்டைக் கடையொன்றின் தேடல் சிக்கல்

சிக்கலை முதலில் சொல்லிவிடுகிறேன். எண்கள் கொண்ட ஒரு பட்டியல் இருக்கிறது, தனியே ஓர் எண்ணும் தரப்பட்டிருக்கிறது. பட்டியலில் எந்த இரண்டைக் கூட்டினால் அந்த எண் வரும்? நேர்முகத் தேர்வுக்குத் தயாராகிற பொடியன்கள் எல்லோருக்கும் இது பழக்கமான கேள்வி, நிரல் எழுதிப் பழகும் இணையத்தளமான லீட்கோட்டில் முதலாம் இலக்கக் கேள்வியே இதுதான், டூ சம் என்று பெயர். பரீட்சைக்கென்று செய்து வைத்த கேள்வி மாதிரித் தெரிகிற இதே சிக்கல்தான் கொழும்பு புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையின் கணக்கறையில் மாதக் கடைசி வந்தால் ஆட்களை இரவு வரை இருத்தி வைத்தது. அதை எப்படிப் பிரித்துப் பார்த்தோம், வேகம் எங்கே கிடைத்தது, வேகம் கிடைத்த கையோடு என்ன புதுச் சிக்கல் எழுந்தது என்று முழுதாக எழுதி வைக்கிறேன். இணையத்தில் இந்தக் கேள்விக்கு விடை சொல்கிறவர்கள் பெரும்பாலும் டிக்ஷனரி (ஒன்றைக் கேட்டால் அதற்கு எதிரே எழுதியதை உடனே எடுத்துத் தருகிற அமைப்பு) போட்டால் முடிந்தது என்று நிறுத்திவிடுகிறார்கள். இந்தக் கடையில் பாதி வேலை அதற்குப் பிறகுதான் இருந்தது.

நிலைமை

கடையின் பெயர் வேண்டாம். வீட்டுப் பாவனைப் பொருட்களை இறக்குமதி செய்து மொத்தமாக விற்கிற இடம். வாடிக்கைக் கடைகள் சுமார் 400, ஹட்டன், பதுளை, வவுனியா, மட்டக்களப்பு, யாழ்ப்பாணம் என்று நாடு முழுக்கப் பரந்து கிடக்கின்றன. சாமான் லொறியில் போகும், பில்லும் கூடவே போகும், காசு ஒரு மாதமோ இரண்டு மாதமோ கழித்து வரும். அந்தக் காசு எப்படி வருகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கடைக்காரர் தன் ஊர் வங்கிக் கிளைக்குப் போவார், கையில் சேர்ந்த காசுக்கு ஏற்ற மாதிரி இரண்டு பில்லைக் கூட்டி ஒரே தொகையாகப் போட்டுவிட்டு வந்துவிடுவார். வங்கி அறிக்கையில் தெரிவது திகதி, கிளையின் பெயர், தொகை, இவ்வளவுதான். யார் போட்டது, எந்தப் பில்லுக்குப் போட்டது என்பது அதில் இராது. வைப்புச் சிட்டையைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள் உண்டு, அனுப்பாதவர்கள்தான் கூட.

நான் பார்த்த நேரத்தில் கட்டப்படாமல் நின்ற பில்கள் ஏறத்தாழ 20,000. தனி ஒரு பில்லோடு பொருந்திய வரவுகளை எல்லாம் கழித்த பிறகும் ஆள் தெரியாமல் மிஞ்சிய வரவுகள் 300 அளவில். கணக்கறையில் வேலை செய்கிற தம்பி ஒருவர் பைத்தன் என்ற நிரல் மொழி படித்தவர், அவரே ஒரு நிரல் எழுதி வைத்திருந்தார். அது சரியாக வேலை செய்தது. மாலையில் ஓட விட்டால், பில்லும் வரவும் கூடின மாதங்களில் கடை பூட்டுகிற நேரம் தாண்டியும் ஓடிக்கொண்டிருக்கும், அதுதான் குறை.

இரட்டை லூப்

அவர் எழுதியிருந்தது யாருக்கும் முதலில் தோன்றுகிற முறை. முதலாவது பில்லை எடு, அதற்குப் பின்னால் உள்ள ஒவ்வொன்றோடும் கூட்டிப் பார், பிறகு இரண்டாவது பில்லை எடு, அதற்குப் பின்னால் உள்ளவற்றோடு கூட்டிப் பார், இப்படியே கடைசி வரை. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிற சுற்றுத்தான் லூப், இது லூப்புக்குள் லூப். இதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன், ஏனென்றால் இந்த முறையில் பிழை விடுவது கஷ்டம், அதனாலேயே இது பின்னால் எங்களுக்கு மிகவும் உதவியது.

ஆனால் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். 20,000 பில்லிலிருந்து எடுக்கக்கூடிய சோடிகள் 20,000 × 19,999 ÷ 2, அதாவது 199,990,000. இருபது கோடிக்குப் பத்தாயிரம்தான் குறைவு. ஒரே ஒரு வரவுக்கு இவ்வளவு. 300 வரவுக்கு ஏறத்தாழ 6,000 கோடி கூட்டல். சாதாரண லப்டொப் ஒன்றில் பைத்தன் லூப் செக்கனுக்கு ஒன்று இரண்டு கோடி தடவை சுற்றும் என்று வைத்தாலும் ஒரு மணித்தியாலம், ஒன்றரை மணித்தியாலம் அளவில் ஆகும். இதில் பயப்பட வேண்டியது இன்றைய ஒரு மணித்தியாலத்துக்கு அல்ல, அது வளர்கிற விதத்துக்குத்தான்: பில்கள் இரண்டு மடங்கானால் வேலை நாலு மடங்காகும். கடை வளர்கிற கடை. புதுக் கணினி வாங்கலாமா என்று முதலாளி கேட்டிருக்கிறார், இரண்டு மடங்கு வேகமான கணினி வாங்கினால்கூட பில்கள் ஒன்றரை மடங்கானதும் அந்த ஆதாயம் முழுக்கக் கரைந்துவிடும்.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், பலர் இதில் ஏமாந்து போவார்கள். தம்பி ஒரு கட்டத்தில் உள் லூப்பை எடுத்துவிட்டு, வேண்டிய தொகை லிஸ்டில் இருக்கிறதா என்று பைத்தனின் 'இன்' சொல்லால் கேட்டிருந்தார். கோட் பார்க்க ஒரே லூப் மாதிரி இருக்கும், ஓடவும் கொஞ்சம் கெதியாக ஓடும். ஆனால் லிஸ்டைப் பார்த்து 'இன்' என்று கேட்டால் பைத்தன் முதலாவதிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டுதான் போகும். லூப் போகவில்லை, கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு மாறியிருக்கிறது. ஒரு வரி கோட் என்றால் ஒரு படி வேலை என்று நினைக்கக் கூடாது, அந்த வரிக்குள் எத்தனை தடவை சுற்று நடக்கிறது என்று கேட்கப் பழக வேண்டும்.

கேள்வியைத் திருப்பிப் போடுவது

"எந்த இரண்டைக் கூட்டினால் வரும்?" என்று கேட்டுக்கொண்டிருக்கும் வரைக்கும் சோடி சோடியாகத்தான் பார்க்க வேண்டி வரும். ஆயிரம் ரூபாத் தாளை நீட்டினால் காசாளர் மீதி எவ்வளவு என்று கழித்துத்தானே பார்க்கிறார், அதே மாதிரி இங்கேயும் கழிக்க வேண்டும். இந்தப் பில் கையில் இருக்கிறது, வரவிலிருந்து இதைக் கழித்தால் மீதி இவ்வளவு, அந்த மீதித் தொகைக்கு ஒரு பில்லை ஏற்கெனவே பார்த்தேனா? ஒவ்வொரு பில்லுக்கும் ஒரே ஒரு கேள்வி. 'ஏற்கெனவே பார்த்தேனா' என்பதற்கு உடனே பதில் சொல்ல ஏதாவது வேண்டும், அதற்குத்தான் டிக்ஷனரி.

பார்த்தவை = வெறும் டிக்ஷனரி
ஒவ்வொரு பில்லாக எடு:
  மீதி = வரவு − பில் தொகை
  மீதி, பார்த்தவையில் இருந்தால்: சோடி கிடைத்தது
  பில்லைப் பார்த்தவையில் சேர்

சின்ன உதாரணம் ஒன்றை ஓடவிட்டுப் பார்க்கலாம். பில்கள் வந்த ஒழுங்கில் 44,100, 12,400, 57,800, 31,250, 18,650, 23,900. வரவு 75,350. முதலில் 44,100, மீதி 31,250, இன்னும் பார்க்கவில்லை, 44,100 ஐ எழுதிக்கொள்கிறோம். 12,400, மீதி 62,950, இல்லை. 57,800, மீதி 17,550, இல்லை. 31,250, மீதி 44,100, அது ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. முடிந்தது, கடைசி இரண்டு பில்லைத் தொடவே வேண்டியிருக்கவில்லை.

டிக்ஷனரியின் பின்னால் இருப்பது ஹாஷ் டேபிள். தொகையை வைத்தே அது எந்த அறையில் இருக்க வேண்டும் என்று கணக்கிட்டு நேரே அந்த அறைக்குப் போகிற உபாயம், ஐபிஎம்மில் வேலை செய்த ஹான்ஸ் பீட்டர் லூன் 1953 இலேயே இந்த யோசனையை எழுதி வைத்தார். பட்டியல் எவ்வளவு நீளமானாலும் ஒரு தேடலுக்கு ஆகும் நேரம் சராசரியில் ஏறத்தாழ மாறாது. சராசரியில் என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும், எல்லாத் தொகையும் ஒரே அறைக்குள் போய் விழுந்தால் பழையபடி ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும், ஆனால் பில் தொகைகளில் அப்படி நடக்காது.

இந்த முறையில் 300 வரவுக்கு 300 × 20,000, அதாவது 60 இலட்சம் படி. 6,000 கோடி எங்கே, 60 இலட்சம் எங்கே. ஓட விட்டால் ஓரிரு செக்கன்களில் முடிந்துவிடும்.

அந்த நாலைந்து வரிகளுக்குள் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, முதலில் கேட்டுவிட்டுப் பிறகுதான் சேர்க்க வேண்டும். எல்லாப் பில்லையும் முன்கூட்டியே டிக்ஷனரியில் போட்டுவிட்டுக் கேட்டால், வரவு 62,500 ஆக இருக்கும்போது 31,250 ரூபாப் பில் தன்னையே தனக்குச் சோடியாக்கிக்கொள்ளும். மற்றது, ஒரே தொகைக்கு இரண்டு பில் இருப்பது மொத்த வியாபாரத்தில் சர்வசாதாரணம், ஒரே மாதிரியான பத்துப் பெட்டி இரண்டு கடைக்குப் போனால் இரண்டு பில்லும் ஒரே தொகைதான். டிக்ஷனரியில் தொகைக்கு எதிரே ஒரு பில் இலக்கத்தை மட்டும் வைத்தால் பின்னால் வந்தது முன்னால் வந்ததை அழித்துவிடும். ஆகவே தொகைக்கு எதிரே பில் இலக்கங்களின் லிஸ்ட் ஒன்றை வைக்க வேண்டும்.

வரிசைப்படுத்தி இரண்டு முனையிலிருந்தும் வருவது

இதே வேலையை டிக்ஷனரி இல்லாமலும் செய்யலாம், எனக்கு இந்த வழி மிகவும் பிடிக்கும். தொகைகளைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்க வேண்டும்: 12,400, 18,650, 23,900, 31,250, 44,100, 57,800. இடது விரல் சின்னதில், வலது விரல் பெரியதில். இரண்டையும் கூட்டினால் 70,200, வேண்டியது 75,350, போதாது, இடது விரலை ஒரு இடம் முன்னால் நகர்த்துகிறோம். 18,650 உம் 57,800 உம் 76,450, கூடிவிட்டது, வலது விரலைப் பின்னால். 18,650 உம் 44,100 உம் 62,750, போதாது. 23,900 உம் 44,100 உம் 68,000, போதாது. 31,250 உம் 44,100 உம் 75,350. ஆறு பில்லில் 15 சோடி உண்டு, ஐந்தைப் பார்த்ததும் விடை வந்துவிட்டது.

விரலை நகர்த்தும்போது சரியான சோடி ஒன்றைத் தவறவிட மாட்டோமா என்று தம்பி கேட்டார். நல்ல கேள்வி. 12,400 ஐ இருப்பதிலேயே பெரிய பில்லோடு கூட்டியும் போதவில்லை என்றால் வேறு எதோடு கூட்டினாலும் போதாது, ஆகவே 12,400 ஐ இந்தத் தேடலிலிருந்து துணிந்து தள்ளிவிடலாம். மற்றப் பக்கமும் அப்படியே. ஒவ்வொரு படியிலும் ஒரு பில் நிரந்தரமாக விலகுகிறது, அதனால் 20,000 படிக்கு மேல் போகவே முடியாது. வரிசைப்படுத்துவதற்கு ஒரு செலவு உண்டு, ஆனால் அது எல்லா வரவுக்கும் சேர்த்து ஒரே ஒரு தடவை, மூன்று இலட்சம் ஒப்பீட்டுக்குள் முடிகிற வேலை. பைத்தனின் சோர்ட், டிம் பீட்டர்ஸ் 2002 இல் எழுதிய டிம்சோர்ட் முறையில் தொடங்கியது, அதற்குமேல் நாம் கையால் எழுதி மினக்கெடத் தேவையில்லை.

சதக் கணக்கு

வேகத்தைப் பற்றிக் கதைப்பதற்கு முதல் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருந்தது. எக்ஸெல்லிலிருந்து வந்த தொகைகள் தசம எண்களாக இருந்தன. பைத்தனில் 0.1 உம் 0.2 உம் கூட்டினால் 0.30000000000000004 என்று வரும், ஏனென்றால் கணினி இவற்றை இரண்டின் அடுக்குகளில் வைத்திருக்கிறது, 0.1 ஐ அந்த முறையில் முழுமையாக எழுத முடியாது. மனிதருக்கு அந்தக் கடைசி 4 ஒன்றுமில்லை, சமமா இல்லையா என்று மட்டும் கேட்கிற தேடலுக்கு அதுவே எல்லாம். பொருந்த வேண்டிய சோடி பொருந்தாமல் போகும், போனது யாருக்கும் தெரியவும் தெரியாது.

2024 ஜனவரி 1 முதல் வற் வரி 18 வீதம். 48,325 ரூபாச் சாமானுக்கு வரியோடு 57,023.50. இப்படிச் சதம் இல்லாத பில் இந்தக் கடையில் குறைவு. ஆகவே எல்லாத் தொகையையும் சதமாக்கி முழு எண்ணாக வைத்துக்கொண்டோம், 57,023.50 என்பது 5,702,350. இதிலும் ஒரு பொறி இருக்கிறது: நூறால் பெருக்கித் தசமத்தை வெட்டினால் காரியம் கெடும். 1.15 ஐ நூறால் பெருக்கினால் பைத்தன் தருவது 114.99999999999999, வெட்டினால் 114 சதம், ஒரு சதம் காணாமல் போய்விடும். எழுத்தாக வாசித்து, தசமத்தை அப்படியே வைத்திருக்கிற டெசிமல் வகையில் போட்டு மாற்ற வேண்டும், குறைந்தபட்சம் கிட்டிய முழு எண்ணுக்காவது மாற்ற வேண்டும்.

வேகம் வந்த பிறகு

புது நிரலை ஓடவிட்டு, கிடைத்த சோடிகளை அச்சடித்துக் கணக்காளர் ஐயாவின் மேசையில் வைத்தோம். அவர் சிவப்புப் பேனையோடு முதல் பக்கத்தைப் பார்த்தார். "தம்பி, காசு சரியா வருது, ஆனா ஆள் பிழை. இது வவுனியாக் கடையின்ர பில், மற்றது பதுளை. ரெண்டு பேரும் சேர்ந்து ஏன் ஒரு சிட்டையில காசு போடுறான்?"

அவர் சொன்னதுதான் இந்த வேலையின் மையம். எண்ணிப் பார்த்தால் இது நடக்காமல் இருக்கவே முடியாது. பில் தொகைகள் 5 இலட்சம் ரூபாவுக்குள் என்று வைத்தால் இரண்டின் கூட்டுத்தொகை 10 இலட்சத்துக்குள், சதத்தில் சொன்னால் 10 கோடி வெவ்வேறு தொகைகள் வரலாம். சோடிகள் 20 கோடி. ஆக எந்தத் தொகையை எடுத்தாலும் சராசரியில் இரண்டு சோடி தற்செயலாகவே பொருந்தும், தொகைகள் நடுவில் நெருங்கிக் கிடந்தால் இன்னும் கூடும். சதங்களை விட்டுவிட்டு முழு ரூபாவில் பார்த்திருந்தால் ஒவ்வொரு வரவுக்கும் இருநூறு. பழைய நிரலும் முதலில் கிடைத்த சோடியைச் சொல்லிவிட்டு நின்றுவிடுவதுதான், அது மெதுவாக ஓடி ஒவ்வொன்றாகச் சொன்னதால் ஆட்கள் ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டு போனார்கள், ஒன்றாகக் குவித்துப் பார்க்கும்போதுதான் எத்தனை பிழை என்று தெரிந்தது. பாடப் புத்தகக் கேள்வியில் விடை ஒன்றுதான் இருக்கும் என்று முன்னரே உறுதி தந்துவிடுவார்கள். கடைக் கணக்கில் அந்த உறுதியை யாரும் தர மாட்டார்கள்.

நிபந்தனை எளிது: இரண்டு பில்லும் ஒரே கடையினதாக இருக்க வேண்டும். எந்தக் கடை என்று தெரியாது, ஆனால் ஒரே கடை என்பது தெரியும். இந்த ஒரு வரியைக் கணக்குக்குள் கொண்டுவந்ததும் எல்லாம் மாறிப்போனது. 400 கடைக்கு 20,000 பில் என்றால் கடைக்குச் சராசரி 50. ஐம்பது பில்லில் 1,225 சோடி, 400 கடைக்கும் 490,000. எல்லாக் கடையும் ஒரே அளவு இல்லை, 600 பில் தேங்கி நிற்கிற ஒரு பெரிய கடை தனியாகவே 179,700 சோடி தரும், அதனால் மொத்தம் இதைவிடக் கூடும், 10 இலட்சம் என்று தாராளமாக வைத்துக்கொள்வோம். இருபது கோடி பத்து இலட்சமாகிவிட்டது, இருநூறில் ஒரு பங்கு. அதுவும் வரவு ஒவ்வொன்றுக்கும் இல்லை, எல்லா வரவுக்கும் சேர்த்து ஒரே தடவை.

இனி இரட்டை லூப்பைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டியதில்லை என்பதையும் கவனியுங்கள். ஒவ்வொரு கடைக்குள்ளும் நாங்கள் ஓட விட்டது தம்பி முதலில் எழுதிய அதே லூப்புக்குள் லூப்தான். அந்தச் சோடிகளின் கூட்டுத்தொகைகளை எல்லாம் ஒரு டிக்ஷனரியில் போட்டு, தொகைக்கு எதிரே கடையின் குறியீட்டையும் இரண்டு பில் இலக்கத்தையும் வைத்தோம். பிறகு வரவு ஒன்றுக்கு ஒரே ஒரு தேடல். தரவுக்குள் ஏற்கெனவே இருந்த ஒரு பிரிவைப் பாவித்ததால் கிடைத்த ஆதாயம், புத்திசாலித்தனமான முறை தந்த ஆதாயத்தைவிடப் பெரிது, அதோடு விடையும் சரியானது. யாராவது என்னிடம் தேடல் மெதுவாக இருக்கிறது என்று வந்தால் இப்போது முதலில் கேட்பது இதைத்தான்: தேடவே தேவையில்லாத இடம் எது?

சில்லறையை விட்டுப் போடுகிறவர்கள்

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு பங்கு வரவுகள் எதோடும் பொருந்தாமல் நின்றன. காரணத்தைக் கணக்காளர் ஐயா பார்த்த மாத்திரத்தில் சொன்னார். இரண்டு பில்லும் சேர்ந்து 98,063.75 என்றால் வங்கிக்குப் போகிறவர் அறுபத்து மூன்று ரூபாயும் எழுபத்தைந்து சதமும் தேடிக்கொண்டு நிற்க மாட்டார், 98,000 போட்டுவிட்டு வருவார். அடுத்த லொறியில் பார்த்துக்கொள்ளலாம் என்பது இரண்டு பக்கத்துக்கும் தெரிந்த வழக்கம்.

டிக்ஷனரிக்கு இது ஒத்துவராது. சரியாக இந்தத் தொகை இருக்கிறதா என்று கேட்டால் சொல்லும், இதற்குக் கிட்ட என்ன இருக்கிறது என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை, ஏனென்றால் கிட்டக் கிட்ட உள்ள தொகைகளை அது கிட்டக் கிட்ட வைப்பதில்லை. வரிசைப்படுத்திய பட்டியலுக்கு அதுதான் பலம். ஆகவே பத்து இலட்சம் கூட்டுத்தொகைகளையும் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கிவிட்டு, பைனரி சேர்ச்சால் வரவுத் தொகை விழ வேண்டிய இடத்தைப் பிடித்து, அங்கிருந்து வரவுக்கு மேல் 100 ரூபா வரைக்கும் உள்ளவற்றை வாசித்துக்கொண்டு போனோம். நடுவில் பார், பெரிதென்றால் கீழ்ப் பாதி, சிறிதென்றால் மேல் பாதி, இப்படிப் பாதி பாதியாக வெட்டினால் பத்து இலட்சம் வரிக்கு இருபது படி போதும்.

பைனரி சேர்ச்சைக் கையால் எழுதாமல் பைத்தனில் தயாராக எழுதி வைத்திருக்கிற பைசெக்ட் நூலகத்தையே பாவித்தோம், அப்படிச் செய்யச் சொல்லி நான்தான் வற்புறுத்தினேன். கேட்க இலேசான முறை, எழுதினால் ஓரங்களில் பிழை வரும். கணினி முன்னோடி ஜோன் மொக்லி 1946 இல் இதைப் பற்றிச் சொன்னார், எந்த நீளப் பட்டியலுக்கும் சரியாக வேலை செய்கிற வடிவம் அச்சில் வர 1960களின் தொடக்கம் ஆனது. 2006 இல் ஜோஷுவா புளொக் என்ற நிரலாளர், ஜாவா என்ற நிரல் மொழியோடு வருகிற நூலகத்தின் பைனரி சேர்ச்சிலேயே ஒரு பிழை ஒன்பது ஆண்டளவு கிடந்ததை வெளியே சொன்னார். கீழ் எல்லையையும் மேல் எல்லையையும் கூட்டி இரண்டால் வகுத்து நடுவைக் கண்டுபிடிக்கிற ஒரே ஒரு வரிதான் காரணம்: பட்டியல் 107 கோடிக்கு மேல் நீண்டால் அந்தக் கூட்டல் ஜாவாவின் சாதாரண முழு எண்ணுக்கு எல்லையான 2,147,483,647 ஐத் தாண்டி எதிர்மறை எண்ணாகிவிடும். பைத்தனில் முழு எண்ணுக்கு அப்படி எல்லை இல்லை, ஆகவே இந்தக் குறிப்பிட்ட பிழை எங்களைத் தொடாது. ஆனால் ஒரே தொகை பல தடவை வரும்போது முதலாவதைப் பிடிப்பதா கடைசியைப் பிடிப்பதா என்பது எங்களைத் தொடும், பைசெக்ட்டில் இடப்பக்கத்துக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்று என்று இரண்டு தனித்தனி வேலைகள் தயாராக இருக்கின்றன.

இப்படி வந்த பிறகு டிக்ஷனரியை எடுத்தே விட்டோம். சரியாகப் பொருந்துவதையும் கிட்டப் பொருந்துவதையும் ஒரே பட்டியல் சொல்லும்போது இரண்டு அமைப்பை வைத்துப் பராமரிக்க வேண்டாம்.

நூறு ரூபா இடம் விட்டால் தற்செயல் சோடிகளும் உள்ளே வரும் என்பது தெரிந்ததுதான். பத்துக் கோடி சதத்தில் பத்து இலட்சம் சோடி, நூறு ரூபா என்பது பத்தாயிரம் சதம், ஆக ஒரு வரவுக்கு நூறளவில் வரலாம். அங்கேதான் வங்கிக் கிளையின் பெயர் கைகொடுத்தது. ஹட்டன் கிளையில் விழுந்த காசை ஹட்டனிலும் சுற்றுவட்டத்திலும் உள்ள கடைகளோடு மட்டும் ஒப்பிட்டால், 400 இல் இருபது கடை என்று வைத்தால், நூறு ஐந்தாகிறது. அந்த ஐந்தையும் பழைய பில்கள் முன்னுக்கு வருகிற மாதிரி அடுக்கினோம், கடைக்காரர்கள் அநேகமாகப் பழையதைத்தான் முதலில் கட்டுவார்கள். எது சரி என்று நிரல் தீர்மானிப்பதில்லை. ஐந்து வரியைக் காட்டும், கணக்காளர் ஐயா ஒன்றைத் தெரிந்தெடுப்பார். நூறு ரூபாவுக்குமேல் இடம் விட வேண்டாம் என்பதும் அவருடைய முடிவு.

தெரிந்தெடுத்த பில்கள் இரண்டும் கட்டப்பட்டதாகிவிடும், அவை வருகிற மற்றச் சோடிகள் எல்லாம் இனிச் செல்லாது. அவற்றைப் பட்டியலிலிருந்து நீக்கலாமா என்று யோசித்தோம். நீண்ட லிஸ்டின் நடுவில் ஒன்றை நீக்கினால் அதற்குப் பின்னால் உள்ள அத்தனையும் ஓரிடம் முன்னால் தள்ளப்பட வேண்டும், ஒரு பில் ஐம்பது சோடியில் இருந்தால் ஐம்பது தடவை. அதற்குப் பதிலாகக் கட்டிய பில் இலக்கங்களைத் தனியே ஒரு செட்டில் (இருக்கிறதா இல்லையா என்று உடனே சொல்கிற தொகுப்பு) போட்டு வைத்து, காட்டும்போது அவை உள்ள சோடிகளைத் தாண்டிப் போகிறோம். பட்டியல் முழுவதையும் ஒவ்வொரு காலையும் புதிதாகக் கட்டுகிறோம், அது சில செக்கன் வேலை.

சோதித்த விதம்

பழைய இரட்டை லூப் நிரலை அழிக்க வேண்டாம் என்று தம்பியிடம் சொன்னேன். முப்பது பில்லுக்கு உட்பட்ட சின்னப் பட்டியல்களைக் கண்டபடி உருவாக்கி, பழைய நிரலின் விடையையும் புது நிரலின் விடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டோம். முப்பது பில்லில் 435 சோடிதான், பழையது அதைக் கண் மூடித் திறப்பதற்குள் செய்துவிடும், அதன் விடையில் சந்தேகமும் இல்லை. தொகைகளை வேண்டுமென்றே நெருக்கமாக வைத்தோம், 1 முதல் 20 சதத்துக்குள், அப்போதுதான் ஒரே தொகை திரும்பத் திரும்ப வரும். ஒரே தொகைப் பில்கள் ஒன்றையொன்று அழிப்பது, பில் தன்னோடு தானே சேர்வது, முதலாவது பில்லும் கடைசிப் பில்லும் தவறிப்போவது எல்லாம் இந்த மாதிரிச் சோதனையில்தான் பிடிபடும், இருபதாயிரம் உண்மைப் பில்களை ஓட விட்டுப் பார்த்தால் பிடிபடாது. வெறும் பட்டியல், ஒரே ஒரு பில் உள்ள பட்டியல், பொருத்தமே இல்லாத வரவு ஆகியவற்றையும் சேர்த்தோம்.

மூன்று பில்லைச் சேர்த்துப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். கடைக்கு 50 பில் என்றால் மூன்று மூன்றாக 19,600, 400 கடைக்கு 78 இலட்சத்துச் சொச்சம், கணினி தாங்கும், ஆனால் தற்செயல் பொருத்தங்களும் அதே அளவுக்குக் கூடுவதால் காசு விழுந்த கிளையின் சுற்றுவட்டத்துக் கடைகளுக்கு மட்டும், அதுவும் சரியாகச் சதம் பொருந்தினால் மட்டும் காட்டுகிற மாதிரி வைத்திருக்கிறோம். எத்தனை பில்லாகவும் இருக்கலாம் என்று திறந்துவிட்டால் அது வேறு சாதிச் சிக்கல். ஐம்பது பில்லில் எடுக்கக்கூடிய கூட்டங்கள் ஆயிரத்து நூறு இலட்சம் கோடிக்கும் மேல், கணினி அறிஞர் ரிச்சர்ட் கார்ப் 1972 இல் கடினமானவை என்று நிறுவிக் காட்டிய 21 சிக்கல்களின் வரிசையில் இதுவும் நாப்சாக் என்ற பெயரில் இருக்கிறது. அந்த மாதிரி வரவு வந்தால் அந்த ஊருக்குப் பொறுப்பான விற்பனைப் பிரதிநிதி கடைக்குப் போன் எடுத்துக் கேட்கிறார். வைப்புச் சிட்டையில் கடைக் குறியீட்டை எழுதச் சொல்லி அடுத்த லொறிகளோடு ஒரு துண்டும் போகிறது, ஹட்டன் பக்கத்துக் கடைகள் சில எழுதத் தொடங்கியிருக்கின்றன.